வகுப்பறையில் கைபேசி



1995-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சராயிருந்த ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைபேசியில் உரையாடினார். நம் நாட்டில் கைபேசி பேசத் தொடங்கிய நாள் அது. அன்று செல்வர் சிலர்க்கே எட்டிய அக்கருவி, இன்று உயர்நிலைப் பள்ளி மாணவரின் கைக்கும் வந்துவிட்டது. அதனை வகுப்பறைக்குள் விடலாமா என்பதே இன்று பெற்றோரும் ஆசிரியரும் கேட்கும் கேள்வி.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நாம் இதனைச் சற்றுக் கூடுதலான கவலையோடு கேட்கிறோம். தாராவியிலும் தில்லியிலும் பெங்களூரிலும் நம் பிள்ளைகளுள் மிகப் பலர் பயில்வது வேறு மொழியில். பல வீடுகளில் கைபேசி ஒன்றே. தந்தை வேலைக்குச் செல்லும்போது அதுவும் உடன் செல்லும். 2020-இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அந்த ஒன்றை எவ்வாறு பங்கிட்டோம் என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். மகன் பாடமா, மகள் பாடமா என்ற வழக்கில் மகளே விட்டுக்கொடுத்த இல்லங்கள் பல.

2024-ஆம் ஆண்டின் 'அசர்' கல்விக் கணக்கெடுப்பு நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றியது. அதன்படி, 14 முதல் 16 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 82 பேர் கைபேசியைக் கையாள அறிந்திருந்தனர். அவர்களுள் முந்தைய வாரத்தில் அதனைக் கல்விக்குப் பயன்படுத்தியவர் நூற்றுக்கு 57 பேர். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர் 76 பேர். கருவி வந்துவிட்டது, அதனைக் கல்விக்கு ஆளும் பழக்கம் அதே வேகத்தில் வரவில்லை.

அப்பழக்கத்தை ஊட்டும் இடம் வகுப்பறையே. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஜெர்மனியின் ஆகென் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 'ஃபைபாக்ஸ்' என்னும் செயலியை விலையின்றி வழங்குகின்றனர். அதில் ஓசை கேட்டதும் ஓடத் தொடங்கி, அடுத்த ஓசையில் நிற்கும் கடிகாரம் ஒன்று உண்டு. பத்து மீட்டர் இடைவெளியில் இரு கைபேசிகளை வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு மாணவரை நிறுத்துவோம். முதலாமவர் கைதட்டினால் இரு கடிகாரங்களும் ஓடும். பின்னர் இரண்டாமவர் தட்டினால் இரண்டும் நிற்கும். ஆயினும் அவை காட்டும் நேரங்கள் ஒன்றாயிரா. ஒலி தொலைவைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரமே அவ்வேறுபாட்டுக்குக் காரணம். போக ஒரு முறை, வர ஒரு முறை என இருபது மீட்டரை அவ்வேறுபாட்டால் வகுத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் என்ற ஒலியின் வேகம் கிடைக்கும். நூலில் மனப்பாடம் செய்த எண்ணை மாணவர் தம் கைகளாலேயே கண்டறிகின்றனர். நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு இரண்டு கைபேசிகள் போதும். அவை ஆசிரியர்களுடையனவாகவே இருக்கலாம். அப்பொழுது இணையத் தொடர்பும் வேண்டுவதில்லை.

தாய்மொழிக்கும் இக்கருவி துணையாகும். 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. கைபேசியை அவற்றின்மேல் காட்டினால் பாட விளக்கங்கள் திறக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் வெளிமாநிலத்தார்க்கும் அயல்நாட்டார்க்கும் தமிழ்ப் பாடங்களை வழங்கிவருகிறது. பள்ளியில் தமிழ் வாய்க்காத குழந்தைக்கு இவை சிறு கொடையல்ல.

எனினும், தீங்கை மறைப்பது நேர்மையாகாது. கைபேசி அருகிலிருப்பதே மாணவரின் கவனத்தைக் கலைக்கக்கூடும் என்று யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை எச்சரித்தது. முற்றிலும் தடைசெய்வதும் நடைமுறைக்கு ஒவ்வாது. பயன்பாட்டை நெறிப்படுத்திக் கண்காணிக்க வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2025-இல் கூறியது. இரண்டும் முரண்பட்டவை அல்ல. ஆசிரியர் பாடத்துக்கு வேண்டும் என்றபோது வெளியே வருவதும், பாடம் முடிந்ததும் பெட்டிக்குள் போவதுமே தக்க முறை. ஒருவர் இசைவின்றி அவரைப் படமெடுத்தல் கூடாது. கைபேசி வாங்கி வருக என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லலாகாது. இல்லாத பிள்ளை அவ்வகுப்பில் தலைகுனிய நேருமாயின், அதனால் விளையும் கல்வி எத்துணைச் சிறந்ததாயினும் நமக்கு வேண்டா.

வீட்டில் நாம் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. இரவு தந்தை திரும்பியபின், அரைமணி நேரம் அக்கைபேசி பிள்ளைகளின் பாடத்துக்கென்று ஒதுக்கப்படட்டும். அந்த அரைமணியில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு இருக்கட்டும். பெற்றோரும் உடன் அமர்ந்து, "இன்று என்ன கண்டறிந்தாய்?" என்று தமிழில் கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை சொல்லும் பிள்ளை பாடத்தையும் கற்கிறது. மொழியையும் இழக்காமல் காக்கிறது.