தொடாமல் எழும் நாதம்

இசைக்கருவி என்றவுடன் நம் உள்ளத்தில் எழுவது தொடுதல் என்னும் செயலே. வீணையின் நரம்பை விரல் தொடுகின்றது. தவிலின் தோலைக் கோல் தொடுகின்றது. நாகசுரத்தின் சீவாளியை இதழ் தொடுகின்றது. தொட்டால்தான் இசை என்பது நாம் அறிந்த நியதி. ஆயின், எவரும் தொடாமலே இசைக்கும் கருவி ஒன்று உலகில் உண்டு. அதன் அருகே கையைக் கொண்டு சென்றால் சுருதி உயரும். கையை விலக்கினால் சுருதி தாழும். தெரமின் என்பது அதன் பெயர். அக்கருவியை, மயிலிட்டியில் எங்கள் பாடசாலை மாணவர் சிலர், கைவிடப்பட்ட வானொலிப் பெட்டிகள் மூன்றைக் கொண்டு செய்து முடித்த வரலாற்றையும், அதனால் யான் கற்றுக்கொண்ட பாடத்தையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதலில் கருவியின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். உருசிய நாட்டிலே 1896ஆம் ஆண்டு பிறந்த லியோன் தெரமின் என்பவர் பௌதிகவியல் அறிஞர். செலோ என்னும் நரம்புக் கருவியை வாசிக்கவும் பயின்றவர். 1920ஆம் ஆண்டளவில், வாயுக்களின் இயல்பை மின்முறையால் அளக்கும் கருவி ஒன்றை அவர் அமைத்துக்கொண்டிருந்தார். அதனின்று எழுந்த ஒலி, தம் கை அருகே செல்லுந்தோறும் மாறுவதைக் கண்டார். வேறொருவராயின் அதனை ஆய்வுக்கு நேர்ந்த இடையூறென்று கருதி ஒதுக்கியிருப்பர். இசை பயின்ற செவி அதனை இடையூறாகக் கொள்ளவில்லை. கையை அசைத்து அசைத்து, தாம் அறிந்த இராகங்களை அதிலே எழுப்பிப் பார்த்தார். 1922இல் லெனின் அவர்களின் முன்னிலையில் இதனை இசைத்துக் காட்டினார். 1928இல் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றார். 1929இல் அந்நாட்டின் ஆர்.சி.ஏ. நிறுவனம் ஏறத்தாழ 500 கருவிகளைச் செய்து விற்பனைக்கு விட்டது. வாசிப்பதற்கு மிக அரிதாயிருந்தமையால் அவை பெருவாரியாகப் பரவவில்லை. எனினும் கருவி மறையவில்லை. றொபேட் மூக் என்னும் அமெரிக்கச் சிறுவர் பாடசாலைப் பருவத்திலேயே தம் வீட்டில் ஒரு தெரமினைச் செய்தார். 1954இல், இளைஞராயிருந்தபோதே, அதனைச் செய்யும் முறையைச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். பின்னர் 1960களிலே மின்னணு இசைத்தொகுப்பி என்னும் கருவியால் உலகப் புகழ் பெற்றவர் அவரே.

இனி மயிலிட்டிக்கு வருவோம். வட கடலோரத்திலே, காங்கேசன்துறைக்கு அண்மையில் உள்ள மீனவர் ஊர் அது. 1990 ஜூன் மாதத்தில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. துறைமுகம் மக்களிடம் மீண்டது 2017 ஜூலை 3ஆம் நாள். இருபத்தேழு ஆண்டுகள் சென்றபின் திரும்பிவந்த குடும்பங்களின் பிள்ளைகளே எங்கள் மாணவர். அவர்களுள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தெரமினைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, அதனைச் செய்ய அனுமதி கேட்டு என் முன் வந்து நின்றாள். யானோ தமிழும் வரலாறும் கற்றுக் கலைப்பட்டம் பெற்றவன். மின்சுற்று என்றாலே சற்று அச்சம். ஆகவே, அறியாத விடயத்தை ஒத்திப்போடும் அதிபர்களின் வழக்கப்படி, “சாதாரண தரப் பரீட்சை முடியட்டும், பிள்ளை; பின்னர் பார்க்கலாம்” என்றேன். அவள் பணிவாகவே, “பரீட்சை முடிந்தால் எங்களிலே பலபேர் பாடசாலைக்கே வரமாட்டோம், சேர்” என்று மறுமொழி சொன்னாள். அதற்குப்பின் மறுக்க எனக்கு நாவெழவில்லை.

கருவி இயங்கும் முறையை விஞ்ஞான ஆசிரியர் எங்களுக்கு விளக்கினார். அலையம் என்பது இடைவிடாது மின்னலைவை உண்டாக்கும் சுற்று. தெரமினிலே இரண்டு அலையங்கள் உள. இரண்டும் செவிக்கு எட்டாத அளவு உயர்ந்த மீடிறனில் அலைகின்றன. ஒன்று மாறாது நிற்கும். மற்றையதில் ஒரு கம்பி இணைக்கப்பட்டிருக்கும். அக்கம்பியும் நம் கையும் சேர்ந்து ஒரு சிறு கொள்ளளவி ஆகின்றன. கை நெருங்கக் கொள்ளளவம் கூடும்; கொள்ளளவம் கூட மீடிறன் குறையும். இரண்டு அலைகளையும் கலந்தால், அவற்றின் வித்தியாசம் மாத்திரம் செவிக்குப் புலனாகும். இதனை அடிப்பு என்று பௌதிகவியல் கூறும்.

ஒரு கணக்கினால் இது தெளிவாகும். அலையத்தின் மீடிறன் 1055 கிலோஹேர்ட்ஸ் என்று கொள்வோம். கை நெருங்கியதால் கொள்ளளவம் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால், மீடிறன் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு குறையும். அஃதாவது, செக்கனுக்கு ஏறத்தாழ 527 அலைவுகள் குறையும். மாறாத அலையத்தோடு கலக்கும்போது இந்த 527 என்ற வித்தியாசமே நாதமாக ஒலிக்கின்றது. அலையத்தின் அளவிலே அது பொருட்படுத்தவியலாத சிறு மாற்றம். செவிக்கோ அது முழுமையான ஒரு சுரம்.

இத்தகைய அலையங்களைப் புதிதாகச் செய்யவேண்டுமென்பதில்லை. மத்திம அலை கேட்கும் சாதாரணத் திரான்சிற்றர் வானொலிப் பெட்டி ஒவ்வொன்றினுள்ளும் ஓர் அலையம் இருக்கின்றது. பெரும்பாலான பெட்டிகளில் அது, நாம் முள்ளை வைத்திருக்கும் எண்ணிலும் 455 கிலோஹேர்ட்ஸ் மேலாக அலையும். முள் 600இல் நின்றால் உள்ளே இருக்கும் அலையம் 1055இல் இயங்கும். ஆகவே, இரண்டு பெட்டிகளை 600இல் வைத்து, மூன்றாவது பெட்டியை 1055இல் வைத்தால், மூன்றாவது பெட்டி முதலிரண்டின் அலையங்களையும் கேட்டு, அவற்றின் வித்தியாசத்தைக் கூவலாக ஒலிக்கும். முதலிரண்டில் ஒன்றன் அலையத்தில் முழ நீளக் கம்பி ஒன்றை இணைத்துவிட்டால் அதுவே தெரமின். கம்பியை இணைத்தபின் மீடிறன் சற்றுத் தாழும். முள்ளைச் சிறிது திருப்பி அதனைச் சரிசெய்தல் வேண்டும்.

கம்பியை எங்கே இணைப்பது? முள்ளைத் திருப்பும்போது சுழலும் மாறும் கொள்ளளவியில் சிறிய கால்கள் சில இருக்கும். ஒரு நிலையம் ஒலித்துக்கொண்டிருக்கையில் திருகாணிச் செலுத்தியின் முனையால் ஒவ்வொரு காலையும் தொட்டுப் பார்க்கவேண்டும். ஒரு காலைத் தொட்டால் நிலையத்தின் ஒலி மெலியும். மற்றொன்றைத் தொட்டால் நிலையமே இடம்மாறி மறைந்துபோகும். மறையச்செய்யும் காலே அலையத்தின் கால். அங்கே பற்றாசு வைத்துக் கம்பியைப் பிணைக்கலாம். இவையெல்லாம் மின்கலத்தால் இயங்கும் பெட்டிகளுக்கே பொருந்தும். சுவர் மின்சாரத்தில் இயங்கும் பெட்டியையோ பழைய வால்வுப் பெட்டியையோ மாணவர் திறக்கவே கூடாது. அவற்றினுள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் உண்டு.

எங்கள் மாணவர் வீடு வீடாகச் சென்று பெட்டிகளைச் சேகரித்தனர். கடலுக்குச் செல்வோர் வானொலியை விட்டுப் பிரியாத ஊராதலின், பழுதான பெட்டிகள் பல கிடைத்தன. அவற்றுள் மூன்று உயிர்பெற்றன. கூவலும் எழுந்தது. ஆயினும் ஒரு தடை நேர்ந்தது. கையைச் சிறிது சிறிதாக அசைத்து உயர்ந்த சுரத்திலிருந்து இறங்கி வரும்போது, கீழ்ச்சுரங்களை எட்டுமுன் ஒலி சட்டென்று அற்றுப்போயிற்று. ஒரு வாரம் முயன்றும் காரணம் விளங்கவில்லை. விஞ்ஞான ஆசிரியரும் திகைத்தார். மாணவர் சோர்ந்தனர். யானும், இதனை இவ்வளவில் நிறுத்திவிடலாமோ என்று எண்ணத் தொடங்கினேன்.

அந்நிலையில் ஒரு மாலை, அம்மாணவியின் அம்மப்பா அவளை அழைத்துச்செல்ல வந்தார். எழுபதைக் கடந்த மீனவர். வாசலிலே நின்றவர் அக்கூவலைக் கேட்டதும் உள்ளே வந்துவிட்டார். “இந்தக் கூவலை நான் எத்தனை இரவு திட்டியிருக்கிறன் தெரியுமோ, பிள்ளை?” என்று பேத்தியைப் பார்த்துச் சிரித்தார். பின்னர் என்னிடம் அவர் சொன்ன செய்தியைச் சுருக்கித் தருகிறேன்.

1990க்குப் பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை; மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. எனினும் செய்தி கேளாமல் இருக்க முடியவில்லை. ஆகவே துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் எழும் மின்னை டயோட்டுகளால் ஒருதிசை ஓட்டமாக்கி, வானொலியை இயக்கினர். அக்காலத்தில் குடாநாட்டில் வாழ்ந்தோர் பலரும் இதனை அறிவர். ஒருவர் சுற்றுவார், பத்துப்பேர் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசையைக் கேட்பர். இப்பெரியவர் இடம்பெயர்ந்திருந்த இடத்தில் வானொலி திருத்தப் பழகிக்கொண்டாராம். குடில்கள் நெருங்கியிருந்தமையால், பக்கத்துக் குடிலில் ஒருவர் வேறொரு நிலையத்தைத் தேடி முள்ளைத் திருப்பும்போது இவருடைய பெட்டி கூவும். அக்கூவல் செய்தியை மறைக்கும். ஆயினும் அயலிலே எவரோ விழித்திருந்து செய்தி கேட்கின்றார் என்பதற்கு அதுவே அறிகுறியாகவும் இருந்ததாம்.

இதனைச் சொல்லிவிட்டு அவர் எங்கள் மேசையை நோக்கினார். “இரண்டு பெட்டியும் ஒன்றை ஒன்று கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்குது. விலத்தி வையுங்கோ” என்றார். அடுத்தடுத்து இருந்த முதலிரண்டு பெட்டிகளையும் மேசையின் இரு ஓரங்களுக்கு நகர்த்தி, மூன்றாவதை நடுவில் வைத்தோம். கீழ்ச்சுரங்கள் அத்தனையும் வந்துவிட்டன. மீடிறன்கள் மிக நெருங்கும்போது ஓர் அலையம் மற்றையதைத் தன்வழி இழுத்து, இரண்டும் ஒரே மீடிறனில் பூட்டுண்டு நின்றுவிடும்; வித்தியாசம் இல்லையேல் நாதமும் இல்லை. விஞ்ஞான ஆசிரியர் அதற்கான விளக்கத்தைப் பின்னர் நூலில் தேடிக் கண்டார். பெரியவர் அதனை இருளிலே, கையால் மிதியைச் சுற்றியபடி கற்றிருந்தார்.

நேயர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆய்வுகூடத்தில் உபகரணங்கள் போதாவென்று பல ஆண்டுகளாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவன் யான். எழுதியது பிழையன்று, உபகரணங்கள் வேண்டியனவே. ஆனால் நூறு யார் தொலைவில் குடியிருந்த ஓர் ஆசிரியரை யான் அறிந்திருக்கவில்லை. இல்லாமையும் அச்சமும் கற்பித்த அறிவு அவரிடம் இருந்தது. அதனை எவரும் கேட்கவில்லை. அவரும் அதனை அறிவென்று கருதவில்லை. அவரும் அவரொத்தவர்களும் மறைந்தபின் அவ்வறிவை எந்தப் பாடநூலிலே தேடுவோம்? துன்பத்தினால் வந்த திறமை துன்பத்தோடு ஒழியட்டும் என்று சிலர் கூறலாம். துன்பம் ஒழியட்டும், திறமை பிள்ளைகளின் கைக்கு வரட்டும். அவர்கள் அதனைக் கொண்டு தேவைக்காக மட்டுமன்றி மகிழ்ச்சிக்காகவும் ஒரு பொருளைச் செய்யட்டும்.

தெரமினை முதல் முயற்சியாகக் கொள்ளவிரும்பும் மாணவருக்கு இன்னும் சில கூறுவேன். பெட்டிகளை இயக்கியவுடன் சுருதி நிலைகொள்ளாது. உள்ளுறுப்புகளின் வெப்பநிலை ஒருபடித்தாகும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருக்கவேண்டும். வெயில் படும் இடத்திலும் காற்று வீசும் சாளரத்தருகிலும் வைத்தலாகாது. அருகில் எவர் நடந்தாலும் சுருதி மாறுமாதலால், வாசிப்பவர் உடலை அசைக்காது நின்று கையை மட்டும் அசைத்தல் வேண்டும். இவ்வெளிய கருவியில் ஒலியின் அளவை மூன்றாம் பெட்டியின் திருகியால்தான் கூட்டிக் குறைக்கலாம். முறையான தெரமினில் அதற்கென மற்றொரு கம்பி உண்டு. இடக்கை அதனை ஆளும். பிழை நேர்ந்தால் செவியே அதனை உடனே சொல்லிவிடும். தொடக்க மாணவருக்கு இதனினும் பொறுமையான ஆசான் அரிது.

எங்கள் மாணவி ஆதார சட்சத்தை 240 என வைத்துக்கொண்டு பஞ்சமத்தைத் தேடினாள். அது 360இல் கிடைத்தது, ஒன்றரை மடங்கு. இரண்டுக்கும் நடுவே படிகள் இல்லை. கை நகர நகரச் சுரமும் வழுக்கிச் செல்லும். ஆதலால் நம் இசையின் கமகங்களுக்கு இக்கருவி இடந்தருகின்றது. பிழையான சுரத்துக்கும் அதே அளவு இடந்தருகின்றது.

கலைப்பட்டதாரிக்கு இதில் என்ன வேலை என்று என்னைக் கேட்டோர் உண்டு. காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளை அவர்களுக்கு நினைவூட்டினேன். விஞ்ஞானப் பட்டதாரியாய், யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய அவர், பழந்தமிழரின் யாழைக் கணிதத்தாலும் இலக்கியத்தாலும் ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அவருக்குக் கலையும் விஞ்ஞானமும் ஒரே நரம்பின் இரு முனைகள்.

நீங்கள் இப்பொழுது கேட்கும் வானொலியும் இத்தகைய கைவேலையிற் பிறந்ததே. 1920களின் முற்பகுதியில் கொழும்பிலே தந்தித் திணைக்களப் பொறியியலாளர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியை அமைத்துச் சோதனை நடத்தினர். 1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. போரில் எஞ்சிய பொருளிலிருந்து அன்று இசைத்தட்டின் ஒலி எழுந்தது.

ஆகவே உங்கள் வீட்டுப் பரணில் பழைய வானொலிப் பெட்டி ஒன்று கிடக்குமாயின், அதனைப் பழைய இரும்புக்குக் கொடுக்குமுன் அயலிலுள்ள பாடசாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதனைத் திருத்தத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருப்பாராயின், அவரையும் உடன் அழைத்து வாருங்கள். எங்கள் பாடசாலையில் அப்பெரியவருக்கு இப்போது வெள்ளிதோறும் ஒரு பாடவேளை உண்டு.