வைரமும் வெள்ளையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவியரங்கம் நடந்த மேடையில் கறையானைப் பற்றிப் பேச வந்துள்ளேன், பொறுத்தருள்க. என் வீட்டு நிலைக்குத் தேக்கு என்று சொல்லி ஒரு கடையில் மரம் தந்தார்கள். தேக்குத்தான், பொய்யில்லை. ஆறே ஆண்டில் ஒரு பக்கச் சட்டத்தில் வண்ணப்பூச்சு மட்டும் தோலாக நின்றது. தேக்கையும் கறையான் தின்னுமா?

விடை நம் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. அங்கு விளைந்த சந்தனக் கட்டைகள் திருப்பத்தூர் அரசுக் கிடங்கில் ஏலம் போவதை அறிவீர்கள். சந்தனத்தில் உள்வைரத்துக்கே மணம். சூழ்ந்துள்ள வெள்ளைக்கு மணமில்லை. முற்காலத்தில் தென்னாட்டில் மரத்தை வீழ்த்திச் சில திங்கள் தரையிலேயே கிடத்திவிடுவார்கள் என்று 19ஆம் நூற்றாண்டு நூல்கள் குறிக்கின்றன. கறையான் வந்து வெள்ளையைத் தின்று, வைரத்தை விட்டுவிடும். வாச்சி பிடித்துச் செதுக்கும் கூலி மிச்சம்!

வெள்ளைதான் மரத்தின் உயிருள்ள பகுதி. நீர் ஏறுவதும் மாவுப்பொருள் சேர்வதும் அதில்தான். ஆண்டுகள் செல்லச் செல்ல உள்வளையங்களின் உயிரணுக்கள் இறக்கின்றன. இறக்குமுன், தம்மிடமிருந்த உணவைக் கறையானுக்கு ஒவ்வாத பொருள்களாக மாற்றி வைத்துவிட்டுப் போகின்றன. சந்தனத்தில் அது எண்ணெய், தேக்கில் டெக்டோகுவினோன். இந்தக் காப்பும் நிலையானதன்று. நெடுங்காலம் மழையில் நனைந்தால் அச்சத்து கரைந்து குறையும்.

தொல்காப்பிய மரபியல் உள்ளே காழுடையதை மரம் என்றும் புறத்தே காழுடையதைப் புல் என்றும் பிரித்தது. தச்சர் கண்ணும் அதுவே. பனையில் புறத்தை எடுத்துப் பனங்கை ஆக்குவர், உட்சோற்றைக் கழிப்பர்.

நாலடியாரில், சிதலை தின்ற ஆலமரத்தை அதன் விழுது தாங்குகிறது. தளர்ந்த தந்தையை மகன் காப்பதற்கு உவமை. அதிலுள்ள பாசத்தைப் பலரும் பாராட்டியாயிற்று. எனக்கு அப்புலவரின் மர அறிவே பெரிதாகப் படுகிறது. ஆலுக்குத் தனித்த வைரம் இல்லை. அடிமரம் கறையானுக்கு எளிய இரை. விழுதோ அதனினும் உறுதியானது. கூடாரக் கால்களுக்கு விழுதையே தேர்ந்தனர். அங்கே வேங்கையை நிறுத்தியிருந்தால் உவமை சாய்ந்திருக்கும்.

என் நிலைச்சட்டத்தில் இருந்தது வெள்ளை. இளமையில் வெட்டும் தோட்டத் தேக்கில் அது மிகுதி. மரம் தராத காப்பை மண்ணில் ஊற்றித் தேடிய காலமும் உண்டு. அவ்வாறு ஊற்றிய ஆல்டிரின், 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்க வேண்டிய நஞ்சுகளுள் ஒன்றாயிற்று.

புது நிலைக்கு மரம் வாங்கத் தச்சரையும் அழைத்துச் சென்றேன். கடைக்காரர் மரத்தின் பெயரையும் பெருமையையும் சொல்லிக்கொண்டிருந்தார். தச்சர் அறுத்த முனையில் விரலால் நீர் தொட்டுத் தடவி, வெள்ளை எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.