பூஜ்யம் எங்கே தொடங்குகிறது?



"பஞ்சரான டயரில் அழுத்தமானி பூஜ்யம் காட்டினாலும் உள்ளே காற்று இருக்கும்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். தவறு என்று அடித்துவிட்டேன். தவறு என்னுடையது.

டயர் அழுத்தமானிக்கு வெளிக்காற்றின் அழுத்தமே பூஜ்யம். அது 30 பி.எஸ்.ஐ. காட்டினால், கடல்மட்டத்தில் வளிமண்டலத்தின் 14.7-ஐக் கூட்ட வேண்டும். வெற்றிடத்திலிருந்து அளக்கும் தனி அழுத்தம் 44.7 ஆகும். பாயில் விதிக் கணக்குக்கு இதுவே தேவை.

தொழிற்சாலை உணரிகளில் மூன்றாவது வகையும் உண்டு. வடிகட்டியின் இருபுற அழுத்த வேறுபாட்டை அது அளக்கும். ஓட்டம் மாறாமல் வேறுபாடு மட்டும் கூடினால், வடிகட்டி அடைபடுகிறது.

மறுநாள் வகுப்பிலேயே தவற்றைச் சொல்லி, அவளுக்கு மதிப்பெண் தந்தேன். அழுத்தத்தைப் படிக்கும் பிள்ளைகள் முதலில் "எதிலிருந்து அளந்தது?" என்று கேட்கட்டும்.