தாயின் உணவும் தாய்ப்பாலின் சத்தும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டித் திருத்தணியில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக்கென்று தோன்றிய சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் தாய்ப்பாலைப் பற்றி என்ன பேச்சு என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். முதல் வகுப்பில் வந்து அமரும் குழந்தையின் மூளை, பள்ளி வாயிலை மிதிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெரும்பகுதி வளர்ந்துவிடுகிறது. அந்த வளர்ச்சிக்குரிய முதல் ஆறு மாத உணவு தாய்ப்பால் ஒன்றே. ஆகவே தாயின் உணவைப் பற்றிப் பேசுவதும் கல்வியைப் பற்றிப் பேசுவதேயாகும்.

நம் தெருக்களில் இரண்டு கருத்துகள் வேரூன்றியுள்ளன. ஏழைத்தாயின் பால் வெறும் தண்ணீர், அதில் சத்தில்லை என்பது ஒன்று. கடையில் விற்கும் டானிக்கை வாங்கிக் குடித்தால் பால் ஊறும், சத்தும் ஏறும் என்பது மற்றொன்று. முதற்கருத்து தாயை மனந்தளரச் செய்து டின் பாலை நோக்கித் தள்ளுகிறது. இரண்டாவது கருத்து கூலிப்பணத்தைக் கரைக்கிறது. இவ்விரண்டையும் அறிவியல் என்ன சொல்கிறது என்பதனை இன்று ஆராய்வோம்.

ஏழைத்தாயின் பாலைப் பற்றிய ஆய்வு நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. நீலகிரியில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குவது அதுவே. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அவர்களும் அவருடைய உடனாய்வாளர்களும் 1950களின் இறுதியில் ஏழைத் தாய்மார்களின் பாலைச் சோதித்தனர். அரை வயிற்றுக்கு உண்டவர்களின் பாலிலும் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் பெரிதும் குறையவில்லை. ஆனால் வைட்டமின் ஏ, பி வகைச் சத்துகள் குறைந்திருந்தன.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. பாலிலுள்ள சத்துகள் இருவகைப்பட்டவை. புரதம், பால் சர்க்கரை, சுண்ணாம்புச்சத்து, இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம் ஆகியவை தாய் உண்டாலும் உண்ணாவிட்டாலும் பாலில் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். வைட்டமின் ஏ, தயமின் எனப்படும் பி-1, பி-2, பி-6, பி-12, வைட்டமின் சி, அயோடின் ஆகியவை தாயின் உணவோடு ஏறியும் இறங்கியும் வரும். கொழுப்பின் அளவு உணவால் அதிகம் மாறாது எனினும், அதன் வகை தாய் உண்ணும் எண்ணெயையும் மீனையும் பொறுத்து மாறும்.

முதல் வகையைப் பற்றி மகிழ்ச்சியடைவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தாய் உண்ணாதபோது பாலுக்குச் சுண்ணாம்புச்சத்து எங்கிருந்து வருகிறது? அவளுடைய எலும்பிலிருந்து வருகிறது. நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லிகிராம் பால் வழியே வெளியேறுகிறது. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் பாலூட்டும் தாய்மார்களுக்குச் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தனர். 1995இல் வெளியான அந்த ஆய்வில் பாலின் சுண்ணாம்புச்சத்து கூடவில்லை. அதே நாட்டில் அதற்கு முன்பு கூடுதல் உணவு கொடுத்துச் செய்த ஆய்வில் பாலின் அளவு கூடவில்லை. ஆனால் தாயின் உடல்நலம் தேறியது. பாலை மட்டும் அளந்து, "தாய்க்குக் கொடுத்து என்ன பயன்?" என்று கேட்பவர் தாயைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறார். பாலில் குறை தெரியாததற்குக் காரணம், அந்தக் குறையைத் தாய் தன் உடலில் ஏற்றுக்கொள்வதுதான்.

இரண்டாம் வகைக்கு வருவோம். நம் திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவர். அதற்கும் முன்னர் இப்பக்கத்துத் தமிழரும் ஆந்திரரும் ஒரே சென்னை மாகாணத்தினர். அம்மாகாணத்தின் வடகோடிக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நோய் பரவியிருந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசியே அங்கு முக்கிய உணவு. தவிட்டோடு தயமின் போய்விட்டது. தாயிடம் இல்லாதது பாலிலும் இல்லை. கொழுகொழுவென்று தோன்றும் இரண்டு மூன்று மாதக் குழந்தை, குரல் கம்மி, மூச்சு முட்டி, இதயம் செயலிழந்து திடீரென்று இறக்கும். அப்பகுதியின் குழந்தை மரணங்களைக் குன்னூர் ஆய்வுக்கூடத்து அய்க்ராய்டும் கிருஷ்ணனும் ஆராய்ந்து 1941இல் எழுதினர். புழுங்கலரிசி உண்டோரை இந்நோய் அவ்வாறு வாட்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமின் அரிசியின் உட்புறம் ஏறிவிடுகிறது என்பதே காரணம். நம் பாட்டிமார் கடைப்பிடித்த புழுங்கலரிசியும் கேழ்வரகும், வடிகஞ்சியைக் கொட்டாமல் குடித்த பழக்கமும் எத்தனை குழந்தைகளைக் காத்தன என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னும் அருகிலுள்ள சான்று வேலூர். கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1962இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் சில குழந்தைகளைப் பற்றி எழுதினர. தாய்ப்பால் மட்டுமே உண்டு வந்த அக்குழந்தைகள் சோர்ந்து கிடந்தன, சிரிப்பும் தவழ்வும் மறந்து பின்னோக்கிச் சென்றன, தோல் கருத்தது, கைகால்கள் தாமே அசைந்தன, இரத்தம் குன்றியது. தாயிடமும் தாயின் பாலிலும் பி-12 சத்து மிகக் குறைவாக இருந்தது. அச்சத்தைக் கொடுத்தவுடன் குழந்தைகள் தேறின. பெங்களூரில் கருவுற்ற பெண்களுக்குப் பேறுக்குப் பின் ஆறு வாரம் வரை நாள்தோறும் 50 மைக்ரோகிராம் பி-12 கொடுத்தபோது, அவர்களுடைய பாலிலும் குழந்தைகளின் இரத்தத்திலும் அச்சத்து உயர்ந்தது. இந்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று.

பி-12 கீரையிலோ தானியத்திலோ இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு. ஈரலில் மிகுதியாக உண்டு. தோழர்களே, இதனைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். நம் வீட்டு மாட்டிறைச்சியையும் ஈரலையும் கருவாட்டையும் பிறர் இழிவென்று பேச, அதைக் கேட்டுக் கூசி வளர்ந்தவர்கள் நாம். படித்துப் பணியில் அமர்ந்தபின் அவற்றைச் சமையலறையிலிருந்து விலக்குவதே நாகரிகம் என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. எவரும் தாம் விரும்பியதை உண்ணலாம். ஆனால் வெட்கத்தின் காரணமாகப் பச்சை உடம்புக்காரியின் தட்டிலிருந்து சத்தை எடுத்துவிடக் கூடாது. புலால் உண்ணாத வீடுகளில் பாலும் தயிரும் குறையாமல் கொடுக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருக்கும் குடும்பங்களும் பாலூட்டுகின்ற தாயைப் பட்டினியிலிருந்து விடுவிக்க வேண்டும்.

பத்தியம் என்ற பெயரால் தண்ணீரைக் குறைப்பதும், பருப்பையும் கீரையையும் பழத்தையும் தடுப்பதும் தவறு. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது பெருந்தவறு. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாள்தோறும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்துள்ளது. 100 கிராம் கேழ்வரகு மாவில் கிளறிய களி, ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு முட்டை ஆகிய மூன்றும் ஏறக்குறைய அதனை நிரப்பிவிடும். இவற்றோடு முருங்கைக்கீரையும் அயோடின் கலந்த உப்பும் சேரட்டும்.

அப்படியானால் மாத்திரை வேண்டாமா? வேண்டும், எது எதற்கென்று அறிந்து உண்ண வேண்டும். பேறுக்குப் பின் 180 நாள் அரசு தரும் இரும்பு மாத்திரை பாலில் இரும்பை ஏற்றுவதற்கன்று. பேற்றில் இரத்தம் இழந்த தாயைத் தேற்றுவதற்கு. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அவளுக்காகவே. இவ்விரண்டையும் ஒரே வேளையில் விழுங்கலாகாது. இரும்பு மாத்திரையைத் தேநீரோடும் உண்ணலாகாது. பி வகைச் சத்துகளில் தாய்க்குக் குறையிருந்தால் மாத்திரை பாலையும் வளப்படுத்தும். குறையில்லாதவளுக்கு மேலும் மேலும் கொடுத்தால் பெரும்பகுதி சிறுநீரோடு வெளியேறும். பால் ஊறுவதோ டானிக்கால் அன்று. குழந்தை அடிக்கடி சப்புவதால் ஊறுகிறது. டின் பாலுக்கு விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவு எவரும் போடும் பிச்சையன்று. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கருவுற்ற தாய்க்கும், பேறுக்குப் பின் ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்க்கும் சத்துள்ள உணவு உரிமையாகும். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், உழைக்கும் பெண்களின் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். தாய்க்கு ஓய்வும் உணவும் வேண்டும் என்பது நமக்கு அன்றே தொடங்கிய உரிமைக்குரல். வீட்டிற்கு வரும் சத்துமாவை எல்லோருக்கும் பங்கிட்டு, தாய்க்கு ஒரு கரண்டி மட்டும் மிஞ்சினால் அந்த உரிமை நம் அடுப்படியிலேயே தோற்றுப்போகும்.

ஆகவே இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் ஆடவர் உண்டபின் பிள்ளைகள், பிள்ளைகள் உண்டபின் மாமியார், எல்லோரும் உண்டபின் மருமகள் என்னும் வரிசை இன்றும் உண்டு. செங்கல் சூளையிலும் தறியிலும் உழைத்து வருபவளும் கடைசியில் சட்டியைத் துடைத்தே உண்கிறாள். குழந்தை பால் குடிக்கும் காலத்திலாவது அவளை முதற்பந்தியில் அமர்த்துங்கள். உங்கள் தெருவில் எந்தத் தாய்க்குச் சத்துமாவு வரவில்லை, எவர் இரும்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார், எந்தக் குழந்தை சோர்ந்து கிடக்கிறது என்று மாதம் ஒருமுறை கேட்டறிந்து, கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவியுங்கள். இரவுப்பாடசாலை நடத்துவதைப் போலவே இதுவும் சங்கப் பணிதான்.

ஏழைத்தாயின் பால் தண்ணீரன்று. தன் எலும்பையும் இரத்தத்தையும் கரைத்து அவள் ஊட்டுவது அது. அவளை வற்றவிடாமல் காப்பது நம் கடமை.