இல்லமே முதற் பள்ளி

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

நம் ஊர்களிலே திருவிழாவுக்கு வாராத பிள்ளைகள் சிலர் உளர். கொடியேற்றத்துக்கும் தீர்த்தத்துக்கும் குடும்பமே புறப்படும். அப்பிள்ளை மட்டும் அம்மம்மாவோடு வீட்டிலிருக்கும். அறிவு வளர்ச்சி தாமதித்த பிள்ளை, பேச்சு வாராத பிள்ளை, கைகால் இறுகிய பிள்ளை ஆகிய இவர்களைப் பற்றியே இன்று சில கூற விழைகின்றோம்.

இப்பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரின் நெஞ்சை அரிக்கும் வினா ஒன்றுண்டு. “எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை ஆர் பார்க்கிறது?” என்பதே அது. கல்முனையில் ஓர் அம்மாவாயினும் மருதமுனையில் ஓர் உம்மாவாயினும் அவ்வினா ஒன்றே. அதற்கு விடை கண்ணீரன்று; கல்வியே.

“முன்வினைப் பயன்” என்று கூறி அமைந்துவிடுவாரும் நம்மிடையே உளர். பெரியோர்கள் பொறுத்தருளல் வேண்டும். வினைக்கொள்கை ஒருவன் தன் செயலைத் திருத்திக்கொள்வதற்கு நம் சமயம் ஏற்றிய விளக்கு; பிறர் பிள்ளையை இருட்டறையில் வைப்பதற்குப் போட்ட பூட்டன்று. டவுன் சிண்ட்ரோம் எனப்படும் நிலை, 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று மிகுதியாக அமைவதால் உண்டாவது என 1959இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் வெளியிட்டனர். அங்கே தாயின் குற்றம் யாது? 1892இல் நம் அயலூராகிய காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகள், எளிய சிறுவருக்குக் கல்வி அளிப்பதையே துறவின் தொண்டாகக் கொண்டார். அத்தொண்டு இன்னும் எட்டாத வீடுகள் இவையே.

நம் நாட்டிலே இத்தகைய கல்விக்கு வழி திறந்தோர் பலர். 1912இல் மேரி சப்மன் என்னும் மிசன் பெண்மணி செவிப்புலனற்றோர்க்கும் விழிப்புலனற்றோர்க்குமெனத் தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் உள்ளது. 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. இன்று அரசாங்கப் பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகளும் உள்ளன. ஆயினும் பள்ளி வயதுக்கு முந்திய ஆண்டுகளும், பள்ளி விட்ட பிந்திய நேரமும் வீட்டுக்கே உரியன. ஆதலின் இல்லமே முதற் பள்ளி.

எம்மைப்போல் மிசன் பாடசாலைகளிற் பயின்றோர் ஹெலன் கெல்லரின் கதையை நன்கறிவர். பத்தொன்பதாம் மாதத்திலே நோயுற்றுப் பார்வையும் கேள்வியும் இழந்த அச்சிறுமியின் வீட்டுக்கு, 1887 மார்ச் 3ஆந் திகதி ஆன் சலிவன் என்னும் ஆசிரியை வந்தார். ஒரு மாதங் கழிந்து, ஏப்பிரல் 5ஆந் திகதி, ஒரு கையில் நீர் வீழ மறு கையில் நீரென்னுஞ் சொல்லை அவர் எழுத்தெழுத்தாக விரலாலே உணர்த்தியபோது குழந்தைக்கு மொழி பிறந்தது. அது நிகழ்ந்த இடம் கல்லூரி மண்டபமன்று. வீட்டு வளவிலிருந்த நீர்ப்பம்பியடி. அக்குழந்தையே 1904இல் பட்டதாரியானார்.

“அவர் பயின்ற ஆசிரியை, நாங்கள் என்ன செய்வது?” என்று தாய்மார் கேட்கலாம். அமெரிக்காவிலே போட்டேஜ் என்னும் ஊரில் 1969இல் தோன்றிய முறையொன்று இதற்கு விடை தருகிறது. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். பிள்ளைக்கு அடுத்துக் கைகூடக்கூடிய சிறு செயலொன்றைப் பெற்றோருடன் தேர்ந்து, கற்பிக்கும் வகையைக் காட்டிச் செல்வார். நாடோறும் கற்பிப்பவர் பெற்றோரே. மறுகிழமை வந்து பார்த்து அடுத்த படியைத் தொடங்குவார்.

சட்டை அணிதலை எடுத்துக்கொள்வோம். தாய் கைகளை நுழைத்துத் தலையையும் நுழைத்துவிட்டு, கீழே இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளைக்கு விடட்டும். அது கைவந்ததும் தலை நுழைப்பதையும் விடட்டும். கடைசிப் படியைப் பிள்ளையே முடிப்பதால், ஒவ்வொரு நாளும் வெற்றியோடே முடிகிறது. சோறு பிசைந்துண்ணலும் முகங் கழுவலும் இவ்வாறே. எண்ணுதற்குப் புளியங்கொட்டை போதும். எழுதுதற்கு நம் கடற்கரை மணலினும் பெரிய பலகை வேண்டுமா?

இரண்டு எச்சரிக்கைகள். பேச்சு வாராத பிள்ளையை மந்தமென்று கருதுமுன் வைத்தியசாலையில் அதன் செவிப்புலனைச் சோதித்தல் வேண்டும். தானே இருக்கமாட்டாத பிள்ளைக்குப் படுக்கவைத்து உணவூட்டலாகாது, புரையேறும். தாங்கி நிமிர்த்தி இருத்தியே ஊட்டல் வேண்டும்.

இன்னுமொன்று. வீட்டுக் கல்வி பள்ளிக்கு மாற்றன்று, வாயில். 2016 முதல் 5 வயது தொடக்கம் 16 வயதுவரை கல்வி நம் நாட்டிலே கட்டாயம். அவ்வுரிமையினின்று இப்பிள்ளைகளை விலக்க எவர்க்கும் நியாயமில்லை.

இளைஞர்களே, கூட்டம் கூடிக் கைதட்டிக் கலைவதோடு நம் கடன் தீராது. இருவர் இருவராகச் சேர்ந்து, கிழமைக்கு ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்குச் செல்வோம். வைத்தியரும் விசேட கல்வி ஆசிரியரும் காட்டும் வழியிலே தாய்க்குத் துணை நிற்போம். அந்த ஒரு மணி நேரம் அத்தாய் சற்றே இளைப்பாறினும் அதுவும் தொண்டே. அயலிலுள்ள முஸ்லிம் இளைஞரும் விரும்பின் கைகோப்போம்.

பிள்ளை தானே உண்ணவும் உடுக்கவும் கேட்கவும் கற்குந்தோறும் தாயின் அச்சம் ஒரு முழம் குறையும். வருகின்ற திருவிழாவிலே அப்பிள்ளைகளும் நம்மோடு வடந்தொட இறைவன் அருள்புரிவானாக.