திருப்புளியும் ஒரு திருக்குறளும்

(தலைப்பு: பழுதான பழைய பொருளைப் பழுது பார்ப்பதே அறிவா? புதிது வாங்குவதே அறிவா? ‘பழுது பார்ப்பதே’ அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் புதுச்சட்டையும் புதுவாதமுமாக வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார். “பழைய டேப் ரிக்கார்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த நேரத்தில் செல்போனில் ஆயிரம் பாட்டுக் கேட்கலாமே, இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா?” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் சகோதரி, உங்கள் செல்போனில் ஆயிரம் பாட்டும் இருக்கிறது. எங்கள் அம்மா குரல் இல்லையே, நான் எங்கே போய்க் கேட்பேன்? (கைதட்டல்)

நடுவர் அவர்களே, எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். என் அண்ணன் 1983-இல் துபாய் போனார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அண்ணன் கடிதம் வந்தால் படித்துக் காட்டுவது நான். பதினாலு வயசு. அம்மா சொல்வதை எழுதுவதும் நான்தான். “சாப்பாட்டுக்கு என்னப்பா பண்ற, உடம்பு எப்படி இருக்கு”ன்னு அம்மா அழுதுகிட்டே சொல்லும். நான் என்ன எழுதுவேன் தெரியுமா? “இங்கு அனைவரும் நலம். அங்கு நலமறிய ஆவல்.” (சிரிப்பு) அழுகையை எப்படிங்க எழுதுறது?

1985-இல் அண்ணன் லீவில் வந்தார். தோளில் ஒரு டூ-இன்-ஒன். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி. ஊரே திரண்டு வந்து பார்த்தது. திரும்பிப் போகும்போது சொன்னார்: “அம்மா, இனிமே தம்பி எழுத வேண்டாம். நீ இதுல பேசி அனுப்பு.” பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் இந்தக் கேசட்டை முதன்முதலில் காட்டியபோது, பாட்டுக் கேட்பதைவிடப் பேச்சைப் பதிவு செய்வதைத்தான் பெரிதாக நினைத்தார்கள். அந்த நினைப்பை நிறைவேற்றியவர்கள் வளைகுடா போன பிள்ளைகளும் அவர்களைப் பெற்ற தாய்மாரும்தான். (கைதட்டல்)

அம்மா 2009-இல் காலமானார்கள். அண்ணன் 2012-இல் ஊரோடு வந்துவிட்டார். வரும்போது ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பதினோரு கேசட். எல்லாம் அம்மா பேசி அனுப்பியது. ஒன்றைக்கூட அழித்துப் பாட்டுப் பதியவில்லை மனுஷன். பெட்டி பரணில் கிடந்தது. 2022-இல் ஒருநாள் கேட்டார்: “தம்பி, அத ஒரு தடவ பாட வைக்க முடியுமாடா?”

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியைத் திறக்கவே இல்லை. “தூக்கிப் போடுங்க சார். ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒண்ணு எடுத்துக்குங்க” என்றார். எதிரணிக்கு அந்தக் கடைக்காரர் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம்! (சிரிப்பு)

வீட்டுக்கு வந்தேன். தமிழ் வாத்தியாருக்குக் கஷ்டம் வந்தால் எங்கே போவான்? வள்ளுவரிடம் போனேன். 95-ஆம் அதிகாரம், மருந்து. கடைசிக் குறளில் அவர் சொல்வது, வைத்தியம் என்பது நாலு பேர் கூட்டு. நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிக்கிறவர். நோயாளி, டூ-இன்-ஒன். வைத்தியர், நான். பேருக்கு முன்னால் டாக்டர் போட்டிருக்கிறேனே, இலக்கணத்தில் வாங்கியது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியவா போகிறது! (சிரிப்பு) பக்கத்தில் இருந்து கவனிக்க டார்ச் லைட்டோடு அண்ணன்.

முதலில் நோய் என்ன? ரேடியோ கேட்கிறது. அப்படியானால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும் சத்தம் வருகிறது. அப்படியானால் மோட்டாரும் நன்றாக இருக்கிறது. கேசட் மட்டும் சுற்றவில்லை. அப்போ கோளாறு எங்கே? மோட்டாருக்கும் கேசட்டுக்கும் நடுவில். இதற்கு எஞ்சினியரிங் படிக்க வேண்டாம், நடுவர் அவர்களே. பொறுமையாக யோசித்தால் போதும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, திருப்புளியை எடுத்தேன். உள்ளே பார்த்தால் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். பெல்ட் ஓடும் வழியில் நூலைச் சுற்றி அளந்துகொண்டு, சென்னைக்குப் போனபோது ரிச்சி தெருவில் அந்த அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பெல்ட் வாங்கினேன். குறைவாக இருந்தால்தான் இழுத்துப் பிடிக்கும். கேசட் நாடாவில் இரும்பு ஆக்சைடு பூசியிருக்கிறது. அந்தப் பழுப்புத் தூள் நாடா உரசுகிற ஹெட்டில் அப்பியிருந்தது. அதையும் துடைத்தேன்.

உடனே அம்மா கேசட்டைப் போட்டேனா? இல்லை! பெட்டி நாடாவைத் தின்றுவிட்டால்? போனால் வராதே! முதலில் ஒரு பழைய பாட்டுக் கேசட். அது அரைமணி நேரம் ஒழுங்காக ஓடிய பிறகு, அம்மா கேசட்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டு சின்னப் பல்லையும் உடைத்தேன். அதை உடைத்துவிட்டால் தப்பித்தவறிப் பதிவு பட்டனை அழுத்தினாலும் அழியாது. அப்புறம்தான் போட்டேன்.

ஓடுகிறது! குரல் வருகிறது! அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னார்: “இது அம்மா இல்லடா.” (அமைதி)

கனத்த குரல். யாரோ பெரியவர் பேசுகிற மாதிரி. காரணம் என்ன? கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். மெதுவாக ஓடினால் குரல் தடித்துப்போகும். எங்கள் பெட்டியின் மோட்டாரில், பின்னால் ஒரு பொட்டு ஓட்டை. அதற்குள் ஒரு சின்னத் திருகு. அதை லேசாகத் திருப்பினால் வேகம் மாறும். திருப்பினேன். ஓர் இடத்தில் நிறுத்தி, “இதுதான் அம்மா” என்றேன். அண்ணன், “இல்ல, இன்னுங் கொஞ்சம்” என்றார். “அண்ணே, கடைசி வரைக்கும் கூட இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா?” என்றேன். அவர் விடவில்லை. “இன்னும் ஒரு நூல்… ஒரு நூல்… நிறுத்துடா. இதான்டா அம்மா!”

அந்த இடத்தில், அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பையன் குரல் கேட்டது. “அம்மா, டேப் தீரப் போகுது, சீக்கிரம் சொல்லு.” பதினாறு வயசு நான்! என் குரல் சரியாக இருந்தது. அப்படியானால் அம்மா குரலும் அதுதான்! நடுவர் அவர்களே, கூட இருந்த எனக்கு அம்மாவின் முதுமைக் குரல்தான் நினைவில் நின்றது. கூட இல்லாத அண்ணன், அம்மா 1985-இல் பேசிய குரலை அப்படியே நெஞ்சில் வைத்திருந்தார். (நீண்ட கைதட்டல்)

இப்போது சகோதரிக்குப் பதில் சொல்கிறேன். “கடையில் கொடுத்தால் கணினியில் ஏற்றித் தருவார்களே” என்றீர்கள். ஏற்றித் தருவார்கள். நானும் பிறகு ஏற்றித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் பெட்டி ஓட வேண்டும். கடைக்காரர் அதை ஓட வைப்பார். ஓடுவது சரியான குரல்தானா என்று அவருக்கு யார் சொல்வது? அவர் எங்கள் அம்மாவைப் பார்த்தாரா? அந்தத் திருகை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஆள் எங்கள் வீட்டில்தான் இருந்தார். நான் திருகினேன். பழுது பார்த்தது அண்ணன்! வள்ளுவர் அந்த நாலாவது ஆளைச் சேர்த்துக்கொண்டாரே, ஏன் என்று நான் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் வீட்டில் பிரிக்கச் சொல்லி இந்த அணி வாதாடவில்லை. பழைய டிவியில் கரண்டை நிறுத்திய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும். அதில் கை வைக்காதீர்கள். நானும் பேட்டரியில்தான் ஓட்டிப் பார்த்தேன். கரண்ட் பக்கம் போகவில்லை. தெரிந்ததைச் செய்வது அறிவு. தெரியாததைத் தெரிந்தவரிடம் கொடுப்பதும் அறிவு. திறந்தே பார்க்காமல் தூக்கிப் போடு என்பது மட்டும் எந்த ஊர் அறிவு?

2009-இல் ஆம்ஸ்டர்டாமில் பழுது பார்க்கும் கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். உடைந்ததை எடுத்து வா, சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்வோம் என்றார்கள். அது பல நாடுகளுக்குப் பரவியது. பிரான்சு நாட்டில் 2021-இல் செல்போன், வாஷிங் மெஷின் போன்ற சில பொருள்களை விற்கும்போது, இதை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மார்க் போட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். புதிது புதிதாக வாங்கியவர்களே இன்றைக்குத் திருப்புளியைத் தேடுகிறார்கள், நடுவர் அவர்களே!

நிறைவாக ஒன்று. அந்தக் கேசட்டில் அம்மா கடைசியாகச் சொன்னது இதுதான்: “என்னமோ பேசணும்னு நெனச்சேன்ப்பா, மறந்து போச்சு. உடம்பப் பாத்துக்க.” இதை நான் எழுதியிருந்தால், “மற்றவை நேரில்” என்று முடித்திருப்பேன். அண்ணன் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அதைப் போட்டுக் கேட்கிறார்.

பொருள் பழசாகலாம், நடுவர் அவர்களே. அதற்குள் இருக்கும் ஆள் பழசாவதில்லை. ஆகவே, பழுது பார்ப்பதே அறிவு என்று தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)