எண்பதுல நிக்கிற பேட்டரி

பெங்களூருல லேப்டாப்பும் கையுமா இருக்கிறவங்க அடிக்கடி கேக்கிற கேள்வி இது: "80 சதவீதத்துக்கு மேல சார்ஜ் ஏறவே மாட்டேங்குது. எஸ்.பி. ரோட்டுக் கடைக்குப் போய் புது பேட்டரி போட்டுறட்டுமா?"

கொஞ்சம் பொறுங்க. எந்த எண்ணுல நிக்குதுன்னு முதல்ல கவனிங்க. தினமும் சரியா 60-லயோ 80-லயோ நின்னா, பெரும்பாலும் பேட்டரி கெட்டுப்போகல. லேப்டாப்பே வேணும்னுதான் நிறுத்துது.

ஏன்னு கேட்டா, லித்தியம் அயான் செல் முழுசா ஏறினா சுமார் 4.2 வோல்ட்டுக்கு வரும். அந்த நிலையிலயே நாள் முழுக்க, அதுவும் சூட்டோட வெச்சிருந்தா, உள்ள தேவையில்லாத வேதிவினை நடந்து கொள்ளளவு குறைஞ்சுக்கிட்டே போகும். வீட்டுலேருந்து வேலை பாக்கிறவங்க சார்ஜரைச் செருகினா கழட்டுறதே இல்ல. அதுக்குத்தான் கம்பெனிக்காரங்க ஒரு வரம்பு வெச்சிருக்காங்க. லெனோவோவுல வான்டேஜ் செயலிக்குள்ள 'கன்சர்வேஷன் மோட்'. ஏசஸ்ல மைஏசஸ் செயலிக்குள்ள 'பேட்டரி ஹெல்த் சார்ஜிங்'. டெல், ஹெச்பி பல மாடல்கள்ல பயாஸுக்குள்ளயே இருக்கும். மேக்புக் உங்க பழக்கத்தைப் பாத்து, தானாவே 80-ல நிறுத்தி வெக்கும்.

ஆபீஸ் லேப்டாப்பா? அப்ப உங்க ஐடி டீமே பூட்டி வெச்சிருக்கலாம். நீங்க நோண்டாதீங்க, ஒரு டிக்கெட் போட்டுக் கேளுங்க.

என்னைக் கேட்டா, மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு அந்த வரம்பு இருக்கட்டும். மத்தியானம் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்ல சென்னை கிளம்புற அன்னிக்குக் காலையில மட்டும் எடுத்துவிட்டு 100 ஏத்திக்கங்க. 96, 97-ல நிக்கிறதுக்கெல்லாம் கவலையே படாதீங்க. சும்மா சும்மா ஏத்தி இறக்க வேண்டாம்னு பல மாடல் அப்படித்தான் நடந்துக்கும்.

செருகியிருக்கும்போதே சதவீதம் குறையுதுன்னா சார்ஜரைச் சந்தேகப்படுங்க. 65 வாட் கேக்கிற லேப்டாப்புக்கு 20 வாட் போன் சார்ஜரை மாட்டினா, வேலை பாக்கிறப்போ ஏறாது. டெல்லுல இன்னொரு கதை: உருண்டை முனை சார்ஜர்ல நடுவுல மெல்லிசா ஒரு ஊசி இருக்கும். சார்ஜர் யாருதுன்னு லேப்டாப்புக்குச் சொல்றதே அதுதான். அது வளைஞ்சா, ஒடிஞ்சா, லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. சரியான வாட் உள்ள வேற சார்ஜரைக் கடன் வாங்கிப் பாத்தா விஷயம் தெரிஞ்சிரும்.

இப்ப நெஜமாவே தேய்ஞ்ச பேட்டரிக்கு வருவோம். இதுல ஒரு வேடிக்கை: தேய்ஞ்ச பேட்டரி பெரும்பாலும் 100-ன்னுதான் காட்டும்! இன்னிக்கு மிச்சமிருக்கிற கொள்ளளவுக்குத்தான் அந்த 100. சார்ஜரைக் கழட்டின ஒரு மணி நேரத்துல படுத்துரும். விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'powercfg /batteryreport'னு அடிங்க. ஒரு அறிக்கை வரும். அதுல 'டிசைன் கெபாசிட்டி' 50,000-ன்னும் 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' 40,000-ன்னும் இருந்தா, 80 சதவீதம் மிச்சம். அது ஓடட்டும். பாதிக்குக் கீழ போயிருந்தா மாத்துறதுதான் சரி. 30 சதவீதம்னு காட்டும்போதே பொசுக்குன்னு அணைஞ்சா, ஒரு தடவை முழுசா ஏத்தி, இறக்கி, மறுபடி இடைவிடாம ஏத்திப் பாருங்க. சில சமயம் கணக்குதான் தப்பியிருக்கும். இதை வாராவாரம் செய்யாதீங்க. பேட்டரியை முழுசா காலி பண்ணித்தான் ஏத்தணும்ங்கிறது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம்.

டச்பேட் மேல தூக்கிக்கிட்டு வருதா? மூடி சரியா மூடலையா? பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜரை உடனே கழட்டுங்க, அணைச்சு வைங்க, அழுத்தாதீங்க, குத்தாதீங்க. நேரா சர்வீஸ் சென்டர்தான். புதுசு வாங்கினா பார்ட் நம்பர், தயாரிச்ச தேதி, பில், வாரண்டி நாலும் பாத்து வாங்குங்க. எஸ்.பி. ரோட்டுல நல்ல கடையும் இருக்கு, ஸ்டிக்கர் மட்டும் புதுசா ஒட்டின பேட்டரியும் கிடைக்கலாம். பழசைக் குப்பையில போடாதீங்க, குப்பை லாரியில நசுங்கினா தீப்பிடிக்கலாம். பேட்டரிக் கழிவைத் திரும்ப வாங்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்குன்னு மத்திய அரசோட 2022 விதிகள் சொல்லுது. அதனால புதுசு மாட்டுற சர்வீஸ் சென்டர்லயே பழசைக் குடுத்துருங்க.